“ஊட்டுல ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?”

எங்கள் வீட்டு நாயின் பேர் மணி. இதில் புதுமை ஒன்றும் இல்லை. தாராபுரம் வட்டாரத்தில் தோட்டத்துக்கு ஒரு மணி இருக்கிறான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேரும் மணிதான். அதனால் நாயைச் சோற்றுக்குக் கூப்பிடும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது எங்கள் வழக்கம்!

அந்த மணிக்குப் போன தை மாதம் வயசு ஐந்து மாதம். பல் மாறுகிற பருவம். நாய்க்குட்டிக்குப் பால் பல் 28. நாலு மாத வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் வந்து உட்கார்ந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் ஈறு நமைச்சல் தாங்காது. செருப்பு, கட்டில் கால், துடைப்பம் என்று எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறையைக் கடித்துக் குதறிய அன்று என் மனைவி தடியைத் தூக்க, “உடு கண்ணு, அதோட பேரையுஞ் சேர்த்தச் சொல்லுது போல!” என்று அம்மா சமாதானம் சொன்னார். வீடே சிரித்தது.

அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்தில் மெஷின் வைத்து மக்காச்சோளம் அடித்தோம். ஒரு பக்கம் மணி குவிகிறது (இது தானிய மணி!). இன்னொரு பக்கம் மணி உதிர்ந்த வெறும் கட்டைகள் உடைந்து உடைந்து விழுகின்றன. அடுப்பெரிக்க ஆகும் என்று அவற்றை வாசலோரம் கொட்டி வைத்திருந்தோம். ஏழு வயசுப் பையனும் ஐந்து மாத நாயும் அந்தக் குவியலிலேயே பொழுதன்னைக்கும் புரண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி வாந்தி எடுத்தான். மஞ்சளாக, நுரை நுரையாக. களியைக் கரைத்து வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் மடமடவென்று குடித்தான். ஐந்து நிமிஷத்தில் அதுவும் வெளியே வந்தது.

வைத்தியர்கள் வந்தார்கள்!

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் போதும், ஊரில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

“நாயி புல்லைத் தின்னுட்டு வாந்தி எடுத்தா வயிறு சுத்தமாயிருச்சுன்னு அர்த்தமுங்க. நாளைக்கு எந்திரிச்சு ஓடும் பாருங்க” என்றார் பால்காரர்.

“கண்ணு பட்டிருச்சு” என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார்.

“உப்பைக் கரைச்சு ஊத்துங்க. உள்ள இருக்கறது அத்தனையும் வந்துரும்” என்றார் பக்கத்துத் தோட்டத்து மணி அண்ணன்.

“வெளக்கெண்ணெய் ஒரு கரண்டி உடுங்க. கீழ போயிரும்” என்றார் இன்னொருத்தர். ஆக, ஒருத்தர் மேலே எடுக்கச் சொல்ல, இன்னொருத்தர் கீழே இறக்கச் சொல்ல... நான் இரண்டுக்கும் நடுவில் நின்று, விளக்கெண்ணெய்க் கட்சியில் சேர்ந்தேன். நாயின் வாயைப் பிளந்து ஒரு கரண்டி ஊற்றினேன். பாதி என் வேட்டியில். மீதி அவன் வயிற்றில்.

அன்று சாயங்காலம் அவன் முன்னங்காலைத் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். “பாருங்க, சாமி கும்பிடுது!” என்று பையன் சொன்னான். நாங்களும் ரசித்தோம். அது கும்பிடு இல்லை, அடிவயிற்று வலி தாங்காத நாய் வழக்கமாக இருக்கிற இருப்பு என்பது மறுநாள் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்டபோது எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி

திங்கட்கிழமை மொபெட்டில் சாக்கு விரித்து, மணியை நடுவில் உட்கார வைத்துத் தாராபுரத்துக்குக் கொண்டுபோனேன். கால்நடை டாக்டர் முதலில் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டார். இந்த வயசுக் குட்டி வாந்தி எடுத்தால் முதலில் வருகிற பயம் ‘பார்வோ’. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் அது. ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும், ஊசி போடாத குட்டிகளை அதிகம் கொல்லும். வாந்தியோடு நாற்றமடிக்கும் ரத்தபேதியும் இருக்கும். மணிக்கு ஊசி போட்டிருந்தது. பேதியும் இல்லை. டாக்டர் அத்தோடு விடாமல் சின்ன அட்டையில் ஒரு சோதனையும் செய்து, “பார்வோ இல்லைங்க” என்றார்.

அப்புறம் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது சட்டென்று படியாமல் கூடாரம் மாதிரி நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதற்கு அது அடையாளமாம். வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்த்தார். கடைசியில் இரண்டு கையாலும் வயிற்றை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மணி முனகினான்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாய்க்கு வாந்தி என்று வந்தால் இவர் எதற்குத் திருட்டுக் கேஸ் விசாரிக்கிறார்?

“சாக்ஸு, பந்து, பனியன் துணி, கொட்டை, எலும்பு... இதுல எதாச்சுங்க?”

“இல்லீங்க சார்” என்றேன், ரொம்ப நிச்சயமாக. பொய் சொல்லவில்லை. தெரியாததை நிச்சயமாகச் சொன்னேன், அவ்வளவுதான். பொய்யைவிட அது மோசம்.

“நம்மூருல மாடு ஆணி முழுங்குச்சுன்னா சின்னக் கொழந்தைகூடச் சொல்லும். நாயி முழுங்குச்சுன்னா மட்டும் யாருக்கும் தோணாதுங்க!” என்றார் டாக்டர்.

வாஸ்தவம். காங்கேயம் மாடு வளர்க்கிற சீமை இது. தீனியோடு கம்பி, ஆணி போனால் மாட்டின் இரண்டாம் இரைப்பையில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும் இதயம் வரைக்கும் போய்விடும். அந்த ஆணியைப் பிடித்து வைப்பதற்காகவே மாட்டின் வயிற்றுக்குள் காந்தம் போட்டு விடுகிற வைத்தியமும் உண்டு. மாட்டு விஷயத்தில் இவ்வளவு விவரம் தெரிந்த நாம், நாய் வாந்தி எடுத்தால் மட்டும் மிளகாய் சுற்றுகிறோம்!

டாக்டர் நரம்பில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். “விடாம வாந்தி எடுத்தா ஒடம்புல தண்ணியும் உப்புச்சத்தும் போயிருமுங்க. மொதல்ல அதைச் சரிக்கட்டோணும். இல்லீன்னா மயக்க மருந்தையே தாங்காது” என்றார். பிறகு, “ஸ்கேன், ஆபரேஷன் வசதி இருக்கற எடத்துக்கு இன்னைக்கே கொண்டு போயிருங்க. நாளைக்குன்னு வச்சுக்காதீங்க” என்று சீட்டெழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்-ரேயில் தெரியாதது

வாடகைக் காரில் கோயம்புத்தூர் கிளம்பினோம். எண்பது கிலோமீட்டருக்குப் பக்கம். பையன் நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஏறிக்கொண்டான். வழக்கமாக வண்டியில் ஏறினால் வாய் மூடாதவன், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மணியின் காதைத் தடவிக்கொண்டே வந்தான்.

கோவையில் நாய்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் அங்கிருந்த டாக்டர். எலும்பெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வயிற்றுக்குள் எதையும் காணோம்!

“அப்ப ஒண்ணுமில்லீங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாது. கல்லு, எலும்பு, காசு, ஊசி... இதெல்லாம் படத்தில் பளிச்சென்று விழும். துணி, பிளாஸ்டிக், மாங்கொட்டை, கட்டை மாதிரி சமாசாரங்கள் பல நேரம் விழாது. ஆனால் இங்கே பாருங்கள்...” என்று சிறுகுடல் ஓரிடத்தில் மட்டும் காற்றடைத்து உப்பியிருப்பதைக் காட்டினார். வாய்க்காலில் எங்கேயோ அடைத்துக்கொண்டால் அதற்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்குமே, அந்த மாதிரி.

அடைப்பு எதனால் என்பதுதான் கேள்வி. குட்டிகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்வதும் உண்டு. பூச்சித் தொல்லையும் இருக்கலாம். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்க வைத்து, அது எங்கே போய் நிற்கிறது என்று மணிக்கணக்கில் வரிசையாகப் படம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால், குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கொடுக்க மாட்டார்கள். அது வயிற்றுக்குள் கசிந்தால் பெரிய வம்பு. இதையெல்லாம் அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

பையன். கண்ணில் தண்ணீர்.

“அப்பா... நாந்தாம்ப்பா. சோளக்கட்டையை வீசி வீசி வெளையாடுனேன். மணி எடுத்துட்டு எடுத்துட்டு வந்தான். ஒண்ணை மட்டும் கொண்டு வல்ல. முழுங்கிட்டான்.”

“எப்படா?”

“சனிக்கெழம.”

“அட, ஏண்டா இத்தனை நேரம் சொல்லலை?”

“நீங்க அடிப்பீங்கன்னுதான்...”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போட்ட சத்தமும் ஞாபகம் வந்தது. ‘எவன்டா நாய்க்குக் கண்டதையும் போட்டது? தெரிஞ்சுது, தோலை உரிச்சுப் போடுவேன்!’ அப்படிக் கேட்டால் யார் சொல்லுவார்கள்?

டாக்டர் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, “எவ்வளவு நீளம் தம்பி?” என்று கேட்டார். அவன் இரண்டு விரலை விரித்துக் காட்டினான். “எக்ஸ்-ரே சொல்லாததை நீ சொல்லிட்டே. இப்ப எனக்கு வேலை சுலபம்” என்று அவன் தலையைத் தட்டிக் கொடுத்தார். உடனே வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். தேடுவது இன்னதென்று தெரிந்ததால், சீக்கிரமே அகப்பட்டது.

மக்காச்சோளக் கட்டை பொல்லாத சாமான். நாய் வயிற்றில் செரிக்கவே செரிக்காது. சில சமயம் இரைப்பையிலேயே நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூடச் சும்மா கிடக்கும். நாயும் தின்னும், ஓடும், ஆடும். ஒரு நாள் அது நகர்ந்து சிறுகுடலுக்குள் இறங்கும்போதுதான் அடைப்பு. மாங்கொட்டையும் அதே ஜாதி. அதனால் ‘முழுங்கி ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே’ என்று நிம்மதிப்பட முடியாது. அதே மாதிரி ‘வெளிக்குப் போகுதே, அப்புறம் எப்படி அடைப்பு?’ என்றும் வாதாட முடியாது. பாதி அடைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

வெளியே எடுக்கும் வழிகள்

விழுங்கியது எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டியதில்லை. சின்னதாக, வழவழப்பாக இருந்தால் தானாகவே மலத்தோடு வந்துவிடும். அதுவும் டாக்டர் பார்த்துவிட்டு, ‘காத்திருக்கலாம்’ என்று சொன்னால்தான். அந்த நாட்களில் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்கிற திருப்பணி வீட்டுக்காரருடையது!

விழுங்கிப் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால், பொருளைப் பொறுத்து, டாக்டரே மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம். இரைப்பையிலோ தொண்டைக் குழாயிலோ நிற்கிறது என்றால் எண்டோஸ்கோப் குழாயை வாய் வழியாக விட்டுக் கவ்வி எடுக்கலாம். அந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடையாது. குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான்.

மணிக்கு மூன்றாவது வழி. ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தா பெஞ்சில் நானும் பையனும். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் வெள்ளைப் பொமரேனியனோடு. “உங்களுது என்ன ஜாதிங்க?” என்று நாயைத்தான் கேட்டார். “நாட்டு நாய்ங்க” என்றேன். “அதுக்குப் போயி ஆபரேஷனா?” என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கண் கேட்டது. ஊர் திரும்பியதும் மணி அண்ணன் வாய் திறந்தே கேட்டார், “இந்தக் காசுக்கு நாலு நாய்க்குட்டி புடிக்கலாமுங்களே?” என்று. அந்த வருஷத்து வெங்காயக் காசில் ஒரு பகுதி போனது உண்மைதான். நாலு குட்டி பிடிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் பெஞ்சில் என்மேல் சாய்ந்து தூங்காமல் உட்கார்ந்திருந்த பையனிடம் அந்தக் கணக்கை யார் சொல்வது?

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு அங்குலக் கட்டை, கறுத்துப்போய். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு பனியன் துணி! திருப்பூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கிடக்கிற பனியன் வேஸ்ட்தான். குட்டிக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நாங்களே விரித்துப் போட்ட படுக்கை. அதைப் பற்றி யாருக்கும் துப்பே தெரியாது.

“கட்டை நின்ன இடத்தில் குடல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. நல்ல வேளையாக இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதனால் குடலைக் கீறி எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறோம். இன்னும் தாமதித்திருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டி வந்திருக்கும். ஓட்டை விழுந்திருந்தால் பிழைப்பதே கஷ்டம்” என்றார்.

விளக்கெண்ணெய் ஊற்றியதை மெதுவாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அடைச்ச குழாய்க்குப் பின்னாலிருந்து அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டார். தோட்டத்தில் பம்புசெட் வைத்திருக்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஆபரேஷன் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடவில்லை. குடலில் போட்ட தையல் பிரிந்து கசிவதென்றால், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான். மறுபடி வாந்தி, சோர்வு, காய்ச்சல், வயிற்று வலி தெரிந்தால் ஓடி வரவேண்டும் என்றார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் குழைந்த சோறு, கோழிக்கறித் துணுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தோம். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டை. அதை மாட்டிக்கொண்டு வந்து இறங்கியவனைப் பார்த்து, “கொழாய் ரேடியோ கட்டியுட்டிருக்கறாங்க!” என்றார் அம்மா. ஐந்து நாளும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆறாம் நாள் காலையில் மணி என் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினான். நாய் செருப்பைக் கடித்ததற்காக ஒரு குடும்பமே கைதட்டியது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நம்ம மணி எம்மாத்திரம்!

2014-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரத்தில் ஒரு கிரேட் டேன் நாய் நாள் முழுக்க வாந்தி எடுத்தது. ஆபரேஷன் செய்து பார்த்தால் வயிற்றுக்குள் 43½ சாக்ஸ்! நாய் பிழைத்துக்கொண்டது. பிராணிகள் எதையெல்லாம் விழுங்கின என்பதற்காகவே ஒரு கால்நடை மருத்துவப் பத்திரிகை எக்ஸ்-ரே போட்டி நடத்த, அதில் இந்தக் கேஸுக்கு மூன்றாவது பரிசு! முதல் இரண்டு இடத்தைப் பிடித்தவை எதை விழுங்கித் தொலைத்தனவோ!

மனுஷர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஷெவாலியே ஜாக்சன் (1865-1958) என்ற அமெரிக்க டாக்டர், நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த ஊக்கு, பொத்தான், காசு, பொம்மை என்று 2,374 சாமான்களைச் சேர்த்து வைத்தார். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மூட்டர் மியூசியத்தில் இன்றும் இழுப்பறை இழுப்பறையாக அவை இருக்கின்றன. அதில் குழந்தைகள் விழுங்கியவை ஏராளம். வாய் வைத்துப் பார்த்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்வது என்பதில் குட்டி நாயும் குழந்தையும் ஒரே கட்சி.

மறக்காதீங்க!

● குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, குடித்த தண்ணீரும் தங்கவில்லையா, சோறு இறங்கவில்லையா, வயிற்றைத் தொட்டால் முனகுகிறதா, எச்சில் ஒழுக வாயைக் காலால் பிராண்டுகிறதா? அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாந்தி மாத்திரை வாங்கிப் போட்டால் வாந்தி நிற்கலாம், அடைப்பு நிற்காது.

● உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்து அதுவே உயிரைக் குடிக்கும். கூரான பொருள், பேட்டரி, மண்ணெண்ணெய், ஆசிட் உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைப்பது இன்னும் ஆபத்து. போன வழியெல்லாம் மறுபடி கிழிக்கும், எரிக்கும்.

● எண்ணெயைப் பலவந்தமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கலாம்.

● வாயிலோ பின்பக்கமோ நூல், நைலான் கயிறு தொங்கினால் இழுக்காதீர்கள். மறு முனை எங்கேயாவது மாட்டியிருந்தால், நாடா கோர்த்த பாவாடை மாதிரி குடல் சுருங்கி அறுபட்டுப் போகும்.

● சட்டைப் பொத்தான் அளவில் இருக்கிற பேட்டரி சில மணி நேரத்தில் தொண்டையை அரித்துவிடும். இரண்டு காந்தத் துண்டு உள்ளே போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். இரண்டுக்குமே ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது.

● வேகவைத்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடையும். அமராவதிக் கரையில் தூண்டில் போடுகிறவர்கள், இரை குத்திய முள்ளை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

● கறி வாடை அடிக்கிற பிளாஸ்டிக் பையை நாய் பையோடு விழுங்கும். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் குப்பைமேட்டில் மேயும் நாய்க்கும் மாட்டுக்கும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை!

● டாக்டரிடம் போகும்போது, விழுங்கியதன் மிச்சத் துண்டோ அதே மாதிரி இன்னொன்றோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

● முன்பெல்லாம் பெரிய ஆபரேஷன் என்றால் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிதான் கதி. கொங்கு நாட்டுக்குப் பக்கத்தில் 1985-ல் நாமக்கல்லிலும், 2020-ல் உடுமலைப்பேட்டையிலும் கல்லூரிகள் வந்துவிட்டன. எங்கே போவதானாலும், ‘எக்ஸ்-ரே, ஸ்கேன், ஆபரேஷன் இப்போது உண்டா?’ என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாதி ராத்திரியில் பூட்டின கதவைத் தட்டுவது மிச்சமாகும்.

அம்மா சொன்ன பழைய கதை

ஆபரேஷன் செய்து எடுத்த கட்டையைப் பையன் ஒரு பாட்டிலில் போட்டு எடுத்து வந்திருந்தான். அம்மா அதைக் கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நம்ம ராசா செத்தது ஞாபகம் இருக்குதா கண்ணு?”

ராசா, எனக்குப் பத்து வயசில் எங்கள் தோட்டத்தில் இருந்த நாய். வைகாசி மாசம். நாலு நாள் வாந்தி எடுத்தான். சோறு தின்னவில்லை. கட்டுத்தறி ஓரத்தில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அப்பா பக்கத்துத் தோட்டத்தோடு சண்டைக்குப் போய், இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போச்சு.

“மாம்பழம் தின்னு தின்னு கொட்டையை அதுக்குத்தான் எறிஞ்சுட்டிருந்தோம். நீயி, நானு, உங்கொப்பா, எல்லாருந்தான்” என்றார் அம்மா. அதற்கு மேல் பேசவில்லை. பக்கத்துத் தோட்டம் என்றால் மணி அண்ணனுடைய அப்பா. அவரும் இன்றைக்கு இல்லை. எங்கள் அப்பாவும் இல்லை. கொட்டைதான் காரணம் என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றைக்கு யாராவது ஒருத்தர், ‘ஊட்டுல ஏதாச்சும் காணாமப் போச்சா?’ என்று கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எது உடைந்தாலும், தொலைந்தாலும், நாய் எதைத் தின்றாலும் சொல்லுகிறவர்களுக்குத் திட்டு கிடையாது. மறைத்தால்தான் திட்டு. சட்டம் போட்டது அம்மா. முதல் வாரமே அதில் மாட்டினவன் நான். (காணாமல் போன மூக்குக் கண்ணாடி மூடி பற்றி இங்கே விவரமாக எழுத விருப்பமில்லை.)

போன வைகாசியில் கூடை நிறைய மாம்பழம் வந்தது. எல்லாரும் வாசலில் உட்கார்ந்து தின்று முடித்தோம். அம்மா முறத்தோடு வந்து கொட்டைகளை எண்ணினார்.

“பதினொரு பழம். பத்துக் கொட்டைதான் இருக்குது. யாரும் எந்திரிக்கப்படாது!”

வீடே கதிகலங்கியது. மணியின் வாயைத் திறந்து பார்த்தோம். வயிற்றை அமுக்கினோம். காருக்குப் போன் போட நான் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பையன் எழுந்து நின்றான்.

“ஆத்தா, திட்ட மாட்டீங்கல்ல?”

“மாட்டேஞ் சாமி, சொல்லு.”

டிராயர் பாக்கெட்டிலிருந்து பிசுபிசுவென்று ஒரு மாங்கொட்டையை எடுத்து நீட்டினான்.

“மணி தின்னுருவான்னு நானே ஒளிச்சு வெச்சுட்டேன்!”